டிடி ஃப்ரீ டிஷ் நிகழ்ச்சிகளைக் கணினியில் பதிவுசெய்ய: மொட்டை மாடி முதல் வரவேற்பறை வரை முழுமையான வழிகாட்டி

டிவி பதிவுசெய்யும் கணினி என்றதும் பலரும் முதலில் கேட்பது எந்தப் புராசசர், எத்தனை ஜிபி ராம் என்பதைத்தான். இந்த வேலையில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியது அது. சேட்டிலைட்டிலிருந்து வரும் படமும் ஒலியும் சுருக்கப்பட்ட நிலையிலேயே வந்து சேர்கின்றன. கணினி அதை வாங்கி அப்படியே ஹார்ட் டிஸ்கில் எழுதினால் போதும். பத்து வருடப் பழைய கணினியே தாராளம். பதிவு கெடுவதெல்லாம் வேறு இடங்களில்: டிஷ் பார்க்கும் திசையில், கேபிளின் முனையில், நிகழ்ச்சி நேரத்தில், கரண்ட் போய் வந்த பிறகான முதல் ஐந்து நிமிடங்களில். அதனால் மொட்டை மாடியிலிருந்தே தொடங்குவோம்.

எதைப் பதியலாம், எதை முடியாது

பிரசார் பாரதியின் ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 வழியாக வருகிறது. மாதக் கட்டணம் இல்லை. பூட்டில்லாமல் வரும் சேனல்களைச் சேட்டிலைட்டுக்கான டிவிபி-எஸ்2 ட்யூனர் (சிக்னலை வாங்கிக் கணினிக்குத் தரும் கருவி) எதுவாலும் வாங்கலாம். டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை), தூர்தர்ஷனின் மற்ற மொழி அலைவரிசைகள், தனியார் இந்தி சேனல்கள் சில, வானொலி எல்லாம் இதில் உண்டு. தமிழில் தனியார் பொழுதுபோக்குச் சேனல்களை எதிர்பார்த்து இறங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கட்டண டிடிஎச் சேவைகள் குறியாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி அந்தந்த நிறுவனத்தின் செட்டாப் பெட்டியிலும் அட்டையிலும் மட்டுமே இருக்கிறது. ட்யூனர் கார்டு அந்த சிக்னலைப் பிடிக்கும், வட்டிலும் எழுதும். திரையில் மட்டும் எதுவும் வராது. பெட்டியின் எச்டிஎம்ஐ வாயிலிருந்து பிடிக்கலாமே என்றால் அங்கே எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு நிற்கிறது. கட்டணச் சேனல் வேண்டுவோர் அந்த நிறுவனமே தரும் ரெக்கார்டர் பெட்டியை வாங்குவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வியும் வரும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, பதிவுசெய்பவர் தன் சொந்தப் பயனுக்காக ஒலி, ஒளிப் பதிவு செய்வதை ஒளிபரப்பு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. வீட்டில் பார்க்கலாம். யூடியூபில் ஏற்றுவது வேறு கதை.

வாங்க வேண்டியவை

டிஷ்: பெட்டியோடு வரும் 60 செ.மீ. டிஷ்ஷே வேலை செய்யும். பதிவுக்கென்றே அமைப்பதானால் 75 அல்லது 90 செ.மீ. எடுங்கள். நேரலையில் மழைக்குப் படம் உடைந்தால் எழுந்து தேநீர் போடப் போகலாம்; பதிவில் உடைந்தால் உடைந்ததுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தக் கூடுதல் 15 செ.மீட்டரின் அருமை தெரியும்.

எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் இறக்கும் சிறு கருவி): யுனிவர்சல் வகை, 9750/10600 என்று அச்சிட்டது. கணக்கு எளிது. ஃப்ரீ டிஷ்ஷின் 11090 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டரை (பல சேனல்களை ஒரே அதிர்வெண்ணில் அனுப்பும் சேட்டிலைட் பகுதி) எடுத்துக்கொண்டால், 9750ஐக் கழித்து 1340 மெகாஹெர்ட்ஸாக அது கேபிளில் இறங்கும். ட்யூனர்கள் வாங்குவது 950 முதல் 2150 வரை. 10600 மட்டும் கொண்ட எல்என்பியைப் போட்டால் 490 ஆகிவிடும்; ட்யூனரின் கண்ணிலேயே படாது. பழைய கட்டண டிஷ்ஷிலிருந்து கழற்றிய எல்என்பியை மாட்டிவிட்டு நாள் முழுக்கத் திசை தேடுகிறவர்கள் முதலில் அதன் மேல் அச்சிட்டதைப் படிக்க வேண்டும்.

ட்யூனர்: கட்டாயம் டிவிபி-எஸ்2. பழைய டிவிபி-எஸ் மட்டும் வாங்கும் கார்டு, எம்பெக்-4 (படத்தைச் சுருக்கும் புதிய முறை) சேனல்கள் உள்ள டிரான்ஸ்பாண்டர்களைத் தவறவிடும். இந்தியக் கடைகளில் இவை அரிது. பெரும்பாலும் இணையத்தில் வரவழைக்க வேண்டும், சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்கும்முன் பார்க்க வேண்டியது டிரைவர். டிவிபிஸ்கை எஸ்960 போன்ற யூஎஸ்பி ட்யூனர்களுக்கு, நாம் பயன்படுத்தப்போகும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று மட்டும் தேவை. டிபிஎஸ் 6902 போன்ற இரட்டை ட்யூனர் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் தரமானவை. ஆனால் டிபிஎஸ் கார்டுகளில் பலவற்றுக்கு நிறுவனம் தரும் மூலநிரலைத் தொகுத்து டிரைவர் உருவாக்க வேண்டும், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். லினக்ஸ் பழக்கமில்லாதவர்கள் முதல் வகையோடு நிற்கலாம்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் பிடிப்பது ஒரு சேனலை அல்ல, ஒரு டிரான்ஸ்பாண்டரை. அதில் இருபது சேனல்கள் வந்தால் இருபதையும் ஒரே நேரத்தில் பதியலாம். நீங்கள் பார்க்கும் சேனல்கள் எத்தனை டிரான்ஸ்பாண்டர்களில் சிதறிக் கிடக்கின்றன என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஒன்றில் இருந்தால் ஒற்றை ட்யூனர் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு தேவைக்கு அதிகம்.

கணினி: ஆறாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய மினி கணினி, 4 ஜிபி ராம். அலுவலகங்களிலிருந்து கழிந்து வரும் சிறிய டெஸ்க்டாப்புகள் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். பிசிஐ கார்டு போடுவதானால் ஸ்லாட் உள்ளதா, கார்டின் உயரத்துக்குக் கேஸ் இடம் தருமா என்று பாருங்கள். ராஸ்பெரி பை 4ம் ஓடும். அதில் எம்பெக்-2க்கு வன்பொருள் டிகோடர் கிடையாது, ஆனால் எஸ்டி (சாதாரணத் தர) படத்தை அதன் சிபியூவே சமாளிக்கும். அதன் உண்மையான பலவீனம் கடிகாரம். அதைப் பிறகு பார்ப்போம்.

வட்டு: இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி, பதிவுகளுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க். எஸ்டி சேனல் வினாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி; 8 மெகாபிட் எச்டி என்றால் 3.6 ஜிபி. ஆக 2 டிபியில் எஸ்டி சுமார் 1,480 மணி நேரம், எச்டி சுமார் 550 மணி நேரம் அடங்கும். எழுதும் வேகம் பொருட்டே அல்ல: எட்டு மெகாபிட் என்பது வினாடிக்கு ஒரு மெகாபைட்தான். பென் டிரைவில் மட்டும் பதியாதீர்கள். இடைவிடாது எழுதும்போது அவை திடீரென்று சில வினாடி மூச்சடைத்து நிற்கும், அந்த வினாடிகள் பதிவில் காணாமல் போகும்.

இவை தவிர ஆர்ஜி-6 கேபிள், அழுத்திப் பொருத்தும் எஃப் கனெக்டர்கள், சிறிய யூபிஎஸ் ஒன்று.

டிஷ்ஷைத் திருப்புவது

திசைக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். உண்மை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்தால் சென்னையில் 93.5 பாகைச் சேட்டிலைட் 134 பாகையில், 68 பாகை உயரத்தில் இருக்கும். மதுரையில் 122 பாகை, உயரம் 68.5. கோவையில் 123 பாகை, உயரம் 67. அதாவது தென்கிழக்கில், ஏறக்குறைய தலைக்கு மேலே. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் பக்கத்து வீட்டுச் சுவர் அவ்வளவாக மறைக்காது. டிஷ்ஷைவிட 10 அடி உயரமான சுவர் 4 அடிக்குச் சற்று அப்பால் இருந்தாலே போதும். மறைப்பது தென்னை மட்டைதான். காற்றில் மட்டை ஆடி வந்து டிஷ்ஷுக்கு நேரே நின்றுவிட்டுப் போனால் பதிவில் அங்கங்கே வெட்டு விழும், காரணமும் பிடிபடாது.

கைபேசியின் திசைகாட்டியே போதும். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒன்றிரண்டு பாகைதான் வேறுபாடு. இரும்புக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டித் தாங்கி இவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் மட்டும் முள் பொய் சொல்லும். நான்கடி தள்ளி நின்று அளந்து, தூரத்தில் தெரியும் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் ஒரு கண்கட்டு உண்டு. நாம் போடுவது ஆஃப்செட் டிஷ். அது பார்ப்பதாகத் தோன்றும் திசைக்குச் சுமார் 25 பாகை மேலே இருந்து சிக்னலை வாங்குகிறது. எனவே 68 பாகைக்குச் சரியாகப் பொருத்தினாலும் டிஷ்ஷின் முகம் 43 பாகை அளவுக்கே சாய்ந்திருக்கும். தாங்கியில் பாகை அச்சிட்டிருந்தால் அது இந்த ஆஃப்செட்டைக் கழித்த கணக்காகவே பெரும்பாலும் இருக்கும்; அங்கே சேட்டிலைட்டின் உயரத்தையே வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பு, தாங்கும் குழாய் நேர்செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குழாய் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரமும் சேர்ந்து மாறும், முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

எல்என்பியின் சுழற்சியை யாரும் கவனிப்பதில்லை. நம் ஊரில் அதுதான் மிகப் பெரிய விஷயம். சேட்டிலைட் நமக்கு நேர்தெற்கில் இல்லாததாலும், நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதாலும், சேட்டிலைட் செங்குத்தாக அனுப்பும் அலை (போலரைசேஷன்) நமக்குப் பெரும் சாய்வாக வந்து சேர்கிறது: கணக்குப்படி சென்னையில் 45 பாகை, மதுரை, கோவைப் பக்கம் 56 பாகை. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி எல்என்பியை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். கேபிள் இறங்கும் முனை முதலில் கடிகாரத்தின் 6 மணியில் இருந்தால், சென்னையில் நாலரை மணிக்கும் மதுரையில் 4 மணிக்கும் வர வேண்டும். இது தொடக்கப் புள்ளி. முடிவைச் சிக்னலின் தரம் காட்டும் எண்ணே சொல்லட்டும்.

இப்போது வழி:

1. எல்என்பியைச் சொன்ன அளவுக்குச் சுழற்றி, உயரத்தைக் கணக்குப்படி வைத்து, பக்கவாட்டு நட்டுகளைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

2. ட்யூனரிலோ, கடன் வாங்கிய ஃப்ரீ டிஷ் பெட்டியிலோ 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று கொடுத்துத் தரத்தைக் காட்டும் திரையைத் திறந்து வையுங்கள். பதிவுக் கணினியை மாடிக்குத் தூக்க வேண்டாம். பெட்டியும் சிறு டிவியும் போதும்.

3. 120 பாகையிலிருந்து 145 பாகை வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு அசைவுக்குப் பிறகும் மூன்று வினாடி நில்லுங்கள். ட்யூனர் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும். கிடைக்கவில்லை என்றால் உயரத்தை ஒரு பாகை மாற்றி மறுபடியும்.

4. கிடைத்த பிறகு பக்கவாட்டு, உயரம், எல்என்பி சுழற்சி என்று மூன்றையும் மாறி மாறித் திருத்துங்கள். ஒவ்வொன்றிலும் உச்சத்தைத் தாண்டிப் போய், மறுபக்கம் அதே அளவு குறையும் இடத்தைக் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள்.

5. நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

பக்கத்துச் சேட்டிலைட்டில் போய் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும். 91.5 பாகையிலும் 95 பாகையிலும் வலுவான கட்டண டிடிஎச் சிக்னல்கள் இருக்கின்றன. சென்னையில் முன்னது 139 பாகையிலும் பின்னது 131 பாகையிலும் தெரியும். வலு 90 சதவீதம் என்று பெட்டி காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம். வலு என்பது கேபிளில் மின்சாரம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்பது மட்டுமே. தரம் ஏறி, டிடி சேனல்களின் பெயர்களும் வந்தால்தான் சரியான இடம். எல்லாச் சேனலும் பூட்டோடு வந்தால் ஒன்று பக்கத்துச் சேட்டிலைட்டில் நிற்கிறீர்கள், அல்லது அதே 93.5 பாகையில் இயங்கும் கட்டணச் சேவையின் டிரான்ஸ்பாண்டரைத் தேடியிருக்கிறீர்கள்.

60 செ.மீ. டிஷ் ஒரு பாகை தவறினால் இழப்பது ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகம்தான். வெயில் நாளில் படத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. அதனால்தான் அவசரமாக மாட்டிய டிஷ்களெல்லாம் அக்டோபர் வரை நன்றாக ஓடுகின்றன.

கேபிள்

30 மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்திலேயே ஆர்ஜி-6 ஏறத்தாழ 8, 9 டெசிபல் விழுங்கும். நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பது நல்லது. செம்பு பூசிய எஃகுக் கம்பியில் எல்என்பிக்குப் போகும் 13 வோல்ட் வழியிலேயே குறைந்துபோகும். யூஎஸ்பி ட்யூனர்களில் இந்தச் சிக்கல் கூடுதல். தனி அடாப்டருடன் வரும் ட்யூனரை அடாப்டர் இல்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

கனெக்டருக்குள் பின்னலின் ஒரு மயிரிழைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டு எல்என்பிக்கு மின்சாரம் போகாது, ட்யூனரும் சூடாகும். மாட்டும்முன் மல்டிமீட்டரில் ஒரு முறை பாருங்கள். மாடியில் உள்ள கனெக்டரைத் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு சுவரேற்றுங்கள். மழைநீர் கேபிள் வழியாக வீட்டுக்குள் வராமல் வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த்திங் பிளாக் போட்டு வீட்டு எர்த்தோடு இணையுங்கள். இடி விழும் மாதங்களில் முதலில் பலியாவது ட்யூனர்தான்.

இரண்டு ட்யூனருக்கு இரட்டை வாய் எல்என்பி வாங்குவதே முறை. நீங்கள் பதியும் டிரான்ஸ்பாண்டர்கள் எல்லாம் செங்குத்தாகவும் 11700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயும் இருந்தால் மலிவான குறுக்குவழி உண்டு: எல்என்பிக்கு எப்போதும் 13 வோல்ட்தான், 22 கிலோஹெர்ட்ஸ் டோனும் வேண்டாம் என்பதால், ஒரு வாயில் மட்டும் மின்சாரம் கடத்தும் சேட்டிலைட் ஸ்பிளிட்டர் போதும். 950–2150 என்று எழுதியிருக்க வேண்டும். கேபிள் டிவிக்காரர்கள் போடும் 5–1000 ஸ்பிளிட்டரில் இது ஓடாது.

மென்பொருள்

இரண்டு பாகங்கள்: பின்னால் இருந்து பதியும் டிவிஹெட்எண்ட், முன்னால் திரையில் காட்டும் கோடி. இரண்டையும் ஒரே கணினியில் எளிதாகத் தருவது லிப்ரெஎலெக் என்ற சிறிய லினக்ஸ். அதன் கருவி கொண்டு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, எஸ்எஸ்டியில் நிறுவினால் கால் மணி நேரத்தில் கோடி திரையில் நிற்கும். ஆட்-ஆன் பகுதியில் லிப்ரெஎலெக் களஞ்சியத்திலிருந்து டிவிஹெட்எண்ட் சர்வர் 4.3ஐயும், டிவிஹெட்எண்ட் எச்டிஎஸ்பி கிளையண்டையும் நிறுவுங்கள்.

இனி வேறொரு கணினியின் பிரவுசரில் இந்தக் கணினியின் ஐபி முகவரி, முக்காற்புள்ளி, 9981 என்று கொடுத்தால் டிவிஹெட்எண்டின் பக்கம் திறக்கும். முதலில் வரும் விசார்டை ரத்துசெய்யுங்கள். அது தரும் தயார் டிரான்ஸ்பாண்டர் பட்டியல்கள் இந்தியச் சேட்டிலைட்டுகளுக்கு அடிக்கடி பழையனவாக இருக்கின்றன.

கான்ஃபிகரேஷன், டிவிபி இன்புட்ஸ், நெட்வொர்க்ஸ் என்று போய் டிவிபி-எஸ் வகையில் ஒரு நெட்வொர்க் உருவாக்குங்கள். ‘நெட்வொர்க் டிஸ்கவரி’யை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒளிபரப்பில் வரும் அட்டவணையை நம்பி அதே சேட்டிலைட்டின் கட்டணச் சேவை டிரான்ஸ்பாண்டர்களையும் இழுத்துவந்து, நூற்றுக்கணக்கான பூட்டிய சேனல்களைக் கொட்டும். அடுத்து டிவி அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் ட்யூனரை இயக்கி, சாட்கான்ஃபிகில் ‘யுனிவர்சல் எல்என்பி ஒன்லி’யைத் தேர்ந்து, அதன் கீழ் இந்த நெட்வொர்க்கை இணையுங்கள். ட்யூனரே பட்டியலில் இல்லையென்றால் டிரைவரோ ஃபர்ம்வேரோ ஏறவில்லை. டிவிஹெட்எண்டில் எதை மாற்றியும் பயனில்லை; முதலில் கெர்னல் பதிவேட்டில் ட்யூனரின் பெயரைத் தேடுங்கள்.

மக்ஸஸ் பகுதியில் ஒவ்வொரு டிரான்ஸ்பாண்டராகக் கையால் சேருங்கள். பிரசார் பாரதி வெளியிடும் பட்டியலைப் பார்த்து அதிர்வெண், செங்குத்து, சிம்பல் ரேட் மூன்றையும் கொடுத்தால் போதும். எஃப்இசியை (பிழைதிருத்த விகிதம்) ஆட்டோவில் விடலாம். இங்கே அதிர்வெண் கிலோஹெர்ட்ஸில் கேட்கப்படும்: 11090 என்பதை 11090000 என்று எழுதுங்கள். எம்பெக்-2 சேனல்கள் உள்ளவற்றுக்கு டிவிபி-எஸ், எம்பெக்-4 உள்ளவற்றுக்கு டிவிபி-எஸ்2 என்று முறைமையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். மாற்றிக் கொடுத்தால் சில ட்யூனர்கள் தாமே சமாளிக்கும், சில வெறுமனே ‘ஃபெயில்’ என்று நிற்கும்.

ஸ்கேன் முடிந்ததும் சர்வீஸஸ் பகுதியில் சேனல்கள் வரும். ‘மேப் சர்வீஸஸ்’ கொடுக்கும்போது குறியாக்கச் சேவைகளுக்கான குறியை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். வீட்டில் பார்க்கும் பத்துப் பதினைந்து போதும். ரிமோட்டில் நூறு சேனலைத் தாண்டி டிடி தமிழைத் தேடுவது யாருக்கும் பிடிக்காது, வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டாயம் பிடிக்காது.

ஸ்ட்ரீம் ப்ரொஃபைலில் ‘பாஸ்’ஐத் தேர்ந்தெடுங்கள். வந்த டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் அப்படியே கோப்பாகும். மட்ரோஸ்காவாக மாற்றி எழுதச் சொன்னால் சிக்னல் ஓரிடத்தில் உடைந்தாலும் நேரக் குறிகள் குழம்பிப் படமும் ஒலியும் பிரியலாம். மாற்றுவதைப் பிறகு நிதானமாகச் செய்யலாம்.

பதிவு அமைப்புகள்

பதிவுக் கோப்புறையை ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். முன்கூட்டித் தொடங்க 5 நிமிடம், பின்னால் நீட்டிக்க 15 நிமிடம் கொடுங்கள். நேரலை விளையாட்டுக்கு 60. இடம் வீணாகிறதே என்று தோன்றும். 20 நிமிட எஸ்டிக்கு அரை ஜிபிகூட ஆகாது. ‘மெயின்டெயின்டு ஃப்ரீ ஸ்பேஸ்’ஸை 20 ஜிபியாக வைத்தால் வட்டு நிறையும்போது நீக்க அனுமதித்த பழைய பதிவுகள் தாமே போகும். விட்டுவைக்க வேண்டியவற்றுக்கு ‘ஃபாரெவர்’ கொடுக்க மறவாதீர்கள்.

நிகழ்ச்சி அட்டவணைதான் இந்தியாவில் பெரிய தலைவலி. ஒளிபரப்போடு வரும் இபிஜியை நம்பித் தொடர் பதிவு வைக்க முடியாது. தலைப்பு பொத்தாம்பொதுவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இணையத்திலிருந்து எக்ஸ்எம்எல்டிவி வடிவில் அட்டவணை எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் அந்த மூலங்கள் திடீரென்று நின்றுபோகின்றன. நாங்கள் பரிந்துரைப்பது ‘டைமர்ஸ்’: திங்கள் முதல் வெள்ளி, இந்தச் சேனல், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை. அழகில்லாத வழிதான், ஆனால் அட்டவணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதியும். நல்ல அட்டவணை கிடைத்தால் மட்டும் ‘ஆட்டோரெக்’ (தலைப்பைப் பார்த்துத் தானே பதியும் வசதி). அதில் தலைப்பைத் தமிழில் கொடுக்கும்போது அட்டவணையில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். ஓர் ஒற்று மாறினாலும் பொருந்தாது.

மின்சாரமும் கடிகாரமும்

கணினி எப்போதும் ஓடட்டும். தூங்கவைத்து, பதிவுக்கு முன் எழுப்பும் வசதி உண்டு. ஆனால் தூங்கி எழுந்த பிறகு யூஎஸ்பி ட்யூனர் எழாமல் போகும் வாய்ப்பு அதைவிட அதிகமாக உண்டு. 12 வாட் எடுக்கும் மினி கணினி இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 17 யூனிட்தான் சேர்க்கும்.

பயாஸில் ‘ஏசி பவர் லாஸ்’ அமைப்பை ‘பவர் ஆன்’ ஆக்குங்கள், கரண்ட் வந்ததும் யாரும் பொத்தானைத் தொடாமல் தொடங்கும். யூபிஎஸ்ஸில் கணினியோடு மோடத்தையும் சேருங்கள். காரணம் கடிகாரம். ராஸ்பெரி பை 4க்குத் தனிக் கடிகாரம் இல்லை. இணையத்திலிருந்துதான் நேரம் எடுக்கிறது. கரண்ட் வந்ததும் பை அரை நிமிடத்தில் தயார், மோடமோ இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். இடைப்பட்ட வேளையில் பை பழைய நேரத்திலேயே இருக்க, பதிவுகள் தவறான நேரத்தில் தொடங்கும் அல்லது தவறிப்போகும். லிப்ரெஎலெக் அமைப்புகளில் ‘வெயிட் ஃபார் நெட்வொர்க்’கை இயக்குங்கள். பழைய டெஸ்க்டாப்பானால் தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிட்டே தொடங்குங்கள். நேர மண்டலம் ஆசியா, கொல்கத்தா என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதியும் குறைக்கு வேறு காரணமே இருக்காது.

டிவியில் காட்டுவது

இந்திய ஒளிபரப்பு வினாடிக்கு 50 புலங்கள் (அரைப் படங்கள்). கணினி 60 ஹெர்ட்ஸில் டிவிக்கு அனுப்பினால் அடியில் ஓடும் செய்திப் பட்டை தத்தித் தத்தி நகரும். கோடியின் பிளேயர் அமைப்பில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்’டை ‘ஆன் ஸ்டார்ட் ஸ்டாப்’ ஆக்குங்கள். 50 ஹெர்ட்ஸுக்குத் தானே மாறும். படம் 576 வரி இடைப்பின்னல் முறையில் வருவதால் டிஇன்டர்லேஸ் (அரைப் படங்களை முழுப் படமாக்குவது) கட்டாயம்: இன்டெல் சிப்பில் விஏஏபிஐயின் இயக்க ஈடு முறை, இல்லையென்றால் பாப். இரண்டும் செய்த பிறகு அதே சேனல் செட்டாப் பெட்டியைவிடத் தெளிவாகத் தெரிந்தால் வியப்பதற்கில்லை.

பதிவு கெட்டால் எங்கே பார்ப்பது

டிவிஹெட்எண்டின் ஸ்டேட்டஸ், ஸ்ட்ரீம் பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன: எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்), திருத்த முடியாத பிளாக்குகள், கண்டினியூட்டி பிழைகள் (வரிசையில் விடுபட்ட தரவு). வெயில் நாளில் எஸ்என்ஆர் 12 டெசிபலுக்கு மேல் இருக்கட்டும். 7, 8க்கு அருகே வந்தால் படம் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். திருத்த முடியாத பிளாக்குகளும் கண்டினியூட்டி பிழைகளும் சேர்ந்து ஏறினால் கோளாறு மாடியில்: டிஷ், எல்என்பி, கேபிள், மழை. பிளாக்குகள் பூஜ்யத்தில் நிற்க, கண்டினியூட்டி பிழை மட்டும் ஏறினால் சிக்னல் சுத்தம், கோளாறு கணினிக்குள். பெரும்பாலும் ட்யூனரும் ஹார்ட் டிஸ்கும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். ட்யூனரை நேரடியாக வேறு வாயில் செருகுங்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் பார்க்கத் தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்கள் சிக்னல் முழுக்க விழுந்து தானே எழும். சூரியன் சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வரும் நாட்கள் அவை. ஒன்றும் செய்யாதீர்கள், முக்கியமாக டிஷ்ஷைத் திருப்பாதீர்கள்.

பதிவுக் கோப்பு வெறும் சில கிலோபைட் என்றால் ட்யூனர் வேறு டிரான்ஸ்பாண்டரில் மாட்டிக்கொண்டிருந்திருக்கும். யாரோ நேரலை பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று பாருங்கள். டிவிஹெட்எண்டில் பதிவுக்கான முன்னுரிமையை நேரலையைவிட உயர்த்தி வைத்தால் அடுத்த முறை நேரலைதான் துண்டிக்கப்படும். பதிவுகள் ஹார்ட் டிஸ்கில் இல்லாமல் எஸ்எஸ்டியை நிரப்பினால், தொடங்கும்போது ஹார்ட் டிஸ்க் இணைவதற்கு முன்பே டிவிஹெட்எண்ட் எழுதத் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஒரு சேனல் மட்டும் காணாமல் போனால் டிஷ்ஷைக் குறை சொல்ல வேண்டாம். ஃப்ரீ டிஷ்ஷின் தனியார் இடங்கள் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகின்றன. ஏப்ரல் 1ஐ ஒட்டிச் சேனல்கள் வரும், போகும், டிரான்ஸ்பாண்டர் மாறும். அந்த வாரத்தில் எல்லா மக்ஸையும் மறுபடி ஸ்கேன் செய்து, புதிய சேவையைப் பழைய சேனல் பெயரோடு இணையுங்கள். சேனலை அழித்துப் புதிதாகச் சேர்த்தால் அதற்கு வைத்திருந்த டைமர்களும் சேர்ந்தே போய்விடும்.